கப்பல் வருஷம்

மேலதிகாரியிடம் என்னென்னவோ சொல்லித் தப்பித்துவிடலாம். ஃபைலைக் காணோம் எனலாம், பாட்டியை இரண்டாவது முறையாகச் சாகடித்து லீவு கேட்கலாம், அவர் கவிதை எழுதுகிறவராக இருந்தால் அதில் ஒற்றுப்பிழை இருக்கிறது என்றுகூடச் சொல்லிப் பார்க்கலாம். "உங்க கல்யாணத் தேதி தப்பா இருக்கும் சார்" என்று மட்டும் சொல்லக் கூடாது. நான் சொன்னேன். அதுவும் என் டிரான்ஸ்பர் ஃபைலுக்கு மேலே அவருடைய பேனா மூடி திறந்து நின்றபோது சொன்னேன்.

காரணம் ஒரு திரைப்பட இசையமைப்பாளர். பெயரை எழுதமாட்டேன். எழுதினால் பாதிப் பேர் இதோடு படிப்பதை நிறுத்திவிட்டு என்னோடு சண்டைக்கு வருவீர்கள், மீதிப் பேர் எனக்காகச் சண்டை போடப் போவீர்கள், கட்டுரையை யாரும் முடிக்கமாட்டீர்கள். எங்கள் வீட்டிலும் அவருக்குப் பெயர் கிடையாது. 'அவர்' என்றால் அவர்தான். அம்மா, அப்பாவைக்கூட 'உங்கப்பா' என்றுதான் சொல்வாள். 'அவர்' முழுக்க இசையமைப்பாளருக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. ஒருமுறை அம்மா, "அவர் இப்பல்லாம் முன்ன மாதிரி இல்லக்கா" என்று பெருமூச்சு விட்டதைக் கேட்டு, பக்கத்து வீட்டு அக்கா எங்கள் அப்பாவைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

அப்பாவுக்கு அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் மளிகைக் கடை. சிவகாசிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். கடையில் இருந்த எல்லாமே மெயின்லேண்டிலிருந்து கப்பலில் வந்தவைதான்: பருப்பு, சோப்பு, வெங்காயம், தீப்பெட்டி, அப்புறம் பாட்டு. பிஸ்கட் பாட்டில்களுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி அலமாரியில் கேசட் வைத்து விற்றார். எனவே வெங்காயமும் 'அவரும்' ஒரே கப்பலில்தான் எங்களிடம் வந்து சேர்வார்கள். சில கேசட்டுகளில் வெங்காய வாசனைகூட இருக்கும். இன்றும் சில சோகப் பாட்டுகளைக் கேட்டால் எனக்குக் கண் எரிவது அதனால்தானா என்று சந்தேகம் உண்டு.

இதில் ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. ஒரு படம் எப்போது வெளியானது என்று எங்களைக் கேட்டால், கேசட் கப்பலில் வந்து இறங்கிய வருஷத்தைத்தான் சொல்வோம். மெயின்லேண்டில் அது முன்னாலேயே வந்து, ஓடி, பழசாகியிருக்கும் என்ற யோசனை யாருக்கும் வந்ததில்லை. தக்காளி எப்போது பறித்தது என்று யார் கேட்கிறார்கள்? வந்த நாள்தான் தக்காளிக்குப் பிறந்த நாள்.

நான் எட்டாவதும் ஒன்பதாவதும் படித்த இரண்டு வருஷம் அவருடைய புதுக் கேசட் ஒன்றுகூட வரவில்லை. பாம்பூஃப்ளாட்டிலிருந்து சாத்தமுக்குப் போகும் ஃபெரியில் தினமும் இதே பேச்சுதான். அவருக்கு உடம்பு சரியில்லை என்று ஒருவர் ஆரம்பித்தார். கை விழுந்துவிட்டது, ஆர்மோனியத்தில் விரலே வைக்க முடியவில்லை என்று அடுத்தவர் சேர்த்தார். ஃபெரி சாத்தம் போய்ச் சேர்வதற்குள் அவருக்கு ஆபரேஷனே முடிந்துவிட்டது. அம்மா அழுதாள். அவருக்கு நல்லபடியாக ஆனால் பால்குடம் எடுப்பதாக முருகனிடம் வேண்டிக்கொண்டாள்.

பத்தாவதுக்குப் போனேன். ஒரு நாள் அப்பா கப்பல் அணையும் ஜெட்டியிலிருந்து ஒரு மூட்டையோடு வந்தார். மூட்டை முழுக்க அவர்! குதிரைவண்டிப் படம், ரயில்வே கேட் படம், இரட்டை வேடத்தில் ஒருவர் மட்டும் ஊமையாக வரும் படம் (எங்களிடம் படங்களுக்கு இப்படித்தான் பெயர்) என்று எல்லாம் ஒரே கப்பலில். அம்மா பால்குடம் எடுத்தாள். பத்தாவதில் கணக்குப் பாடத்தில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்கும் அந்த மூட்டைக்கும் நேரடித் தொடர்பு உண்டு.

இதை வைத்து நான் ஒரு கோட்பாடே உருவாக்கினேன். 'நோய்க்கு முன்', 'நோய்க்குப் பின்' என்று அவருடைய இசையை இரண்டாகப் பிரித்தேன். ரயில்வே கேட் படத்தில் ஒரு வயலின் வரும். அது மரணத்தின் வாசல்வரை போய்த் திரும்பியவனின் வயலின் என்று ஃபெரியில் விளக்கினேன். பெரியவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஃபெரியில் இருந்த எல்லோருக்கும் அதே கப்பல், அதே காலண்டர். யார் திருத்துவது?

அந்தக் கோட்பாட்டோடுதான் வளர்ந்தேன், அரசு வேலைக்கும் போனேன். (எந்தத் துறை என்று கேட்காதீர்கள். ஓய்வூதியம் இன்னும் வரவேண்டியிருக்கிறது.) கல்யாணமாகி வருஷம் திரும்புவதற்குள் என்னைத் தெற்குக் கோடியில் இருக்கும் கேம்பல் பேக்குத் தூக்கிப் போட்டார்கள். போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் ஏறினால், இறங்குவதற்குள் ஏறியவர்களோடு சொந்தமாகிவிடலாம். அவ்வளவு தூரம். மனைவி தனம் பாம்பூஃப்ளாட்டில் என் அப்பா அம்மாவோடு இருந்தாள். தினமும் ஃபெரியில் அக்கரை போய் ஒரு பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தாள். பெரார்கஞ்ச் பெண். அவள் அப்பாவுக்குப் பாக்குத் தோட்டம், கொஞ்சம் நெல் வயல். பாட்டு விஷயத்தில் அவளுடைய கொள்கை சுருக்கமானது: "பாட்டுன்னா கேக்கணும். நீங்க ஏன் அதுக்குப் போஸ்ட்மார்ட்டம் பண்றீங்க?"

டிரான்ஸ்பருக்கு எழுதிப் போட்டேன். பழைய அதிகாரி நல்லபடியாகச் சிபாரிசு எழுதிவிட்டு மாறிப் போனார். புதிதாக வந்த ராகவன் சார் இன்ஸ்பெக்‌ஷனுக்குக் கேம்பல் பே வருகிறார், ஒரு கையெழுத்துப் போட்டால் நான் வீட்டுக்குப் போகலாம் என்கிற நிலை. தனம் போனில் பிடித்துக்கொண்டாள்.

"ஃபைல் ரெடியா?"

"எல்லாம் ரெடி. ஒரு கையெழுத்துதான்."

"அப்போ சுப்சாப் நில்லுங்க, பேசாம. அவரு என்ன சொன்னாலும் 'ஆமா சார்'. ரெண்டே வார்த்த. பாட்டு கீட்டுன்னு வாயத் தொறந்துறாதீங்க."

"அதிகாரி வந்து எதுக்குடி பாட்டுப் பேசப்போறார்?"

"அவரு பேசமாட்டாரு. உங்களத்தான் எனக்குத் தெரியுமே!"

ராகவன் சார் சென்னைக்காரர், தீவுக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. கடல் அவரை நன்றாகப் புரட்டிப் போட்டிருந்தது. கப்பலிலிருந்து இறங்கும்போது முகம் பச்சையாக இருந்தது. எங்கள் ஹெட் கிளார்க் மண்டல் தாதா அவருக்கு எலுமிச்சம்பழச் சாறு கொடுத்து ஆசுவாசப்படுத்தினார். (பெங்காலியில் தாதா என்றால் அண்ணன். கத்தியெல்லாம் வைத்திருக்கமாட்டார்.) காலையில் இன்ஸ்பெக்‌ஷன் ஒழுங்காக நடந்தது. நான் 'ஆமா சார்' தவிர ஒன்றும் பேசவில்லை. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு மண்டல் தாதா என் ஃபைலைக் கையெழுத்துக்கு இருந்த கட்டின் மேலே எடுத்து வைத்தார்.

அப்போது சாரின் போன் அடித்தது. ரயில்வே கேட் படத்து மழைப் பாட்டு. அதில் இரண்டாவது இடையிசை. என் வயலின்!

நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன் என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன். சார் போனை எடுத்திருந்தால் நான் தப்பித்திருப்பேன். அவர் எடுக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"செகண்ட் இன்டர்லூட் சார்," என்று என் வாய் சொன்னது.

சார் கண்ணைத் திறந்தார். "உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியுமாவா! முதல் இடையிசையில புல்லாங்குழல் விட்டுட்டுப் போன எடத்துலதான் சார் வயலின் வந்து பிடிக்குது."

அவ்வளவுதான். அவர் அந்தப் பாட்டைப் பாடினார், நான் மேசையில் தாளம் போட்டேன். குதிரைவண்டிப் படத்தின் பின்னணி இசையில் குதிரை செத்த பிறகும் குளம்புச் சத்தம் கேட்குமே, அதைப் பற்றிப் பேசி இருவரும் சேர்ந்து கலங்கினோம். முகத்தில் பச்சை போய் ரத்தம் வந்துவிட்டது அவருக்கு. மண்டல் தாதா என் காதில், "பஹுத் அச்சா! அபி சைன் கரா லே," என்றார், இப்பவே கையெழுத்து வாங்கிக்கொள் என்று.

"உங்கள மாதிரி ரசிகர இங்க கொண்டாந்து போட்டது யாருங்க முருகேசன்? அநியாயம்," என்றபடி சார் ஃபைலைத் திறந்தார். பேனா மூடியைக் கழற்றினார். பேனா காகிதத்தை நோக்கி இறங்கியது. இறங்குகிற வழியில், சும்மா பேச்சுக்கு, "அவரோட உச்சம்னா அந்த ரெண்டு வருஷம்தான், என்ன?" என்று இரண்டு வருஷங்களைச் சொன்னார்.

(எந்த வருஷங்கள் என்று எழுதமாட்டேன். நீங்கள் கணக்குப் போட்டு ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.) அவை நான் எட்டாவதும் ஒன்பதாவதும் படித்த வருஷங்கள்.

'ஆமா சார்.' இரண்டே வார்த்தை. தனம் சொல்லிக் கொடுத்திருந்தாள். காலையிலிருந்து பழகியும் வைத்திருந்தேன்.

"இல்ல சார்," என்றேன்.

பேனா நின்றது. "என்ன இல்ல?"

"அந்த ரெண்டு வருஷமும் அவர் ஒண்ணுமே பண்ணல சார். அவருக்கு உடம்பு சரியில்ல. கை விழுந்துடுச்சு."

"யாருக்கு?"

"அவருக்குத்தான் சார். அதுக்கு அடுத்த வருஷம்தான் எழுந்து வந்தார். ரயில்வே கேட், குதிரைவண்டி எல்லாமே அந்த ஒரே வருஷம். நோய்க்குப் பின் காலகட்டம்!"

சார் சிரித்தார். இன்னும் கோபம் வரவில்லை. "ரயில்வே கேட் எப்ப வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதாங்க? என் கல்யாணத்துல மைக் செட்டுல போட்ட பாட்டே இந்த மழைப் பாட்டுதான். எனக்குக் கல்யாணம் ஆனது நீங்க சொல்ற அந்தச் சும்மா இருந்த வருஷத்துல."

எந்த மனிதனுக்கும் இந்த இடத்தில் புத்தி வந்திருக்கும். எனக்கு இரக்கம் வந்தது. பாவம், வயதாகிறது, குழப்பிக்கொள்கிறார் என்று நினைத்தேன். மிகப் பணிவாகத்தான் சொன்னேன்: "அப்போ அந்தப் பாட்டே வரலையே சார். உங்க கல்யாணத் தேதி தப்பா இருக்கும் சார்."

மண்டல் தாதாவுக்குத் தமிழ் அரைகுறைதான். ஆனால் 'கல்யாணம்', 'தப்பு' இரண்டும் புரியும். "அரே பாகல்! சுப் ஹோ ஜா!" என்று என் வாயை மூடச் சொல்லி, சட்டையைப் பிடித்து இழுத்தார்.

சார் பேனாவை மூடினார். அந்த 'டிக்' சத்தம் இன்றும் என் காதில் இருக்கிறது. அப்போதாவது நான் காலில் விழுந்திருக்கலாம். விழவில்லை. சத்தியம் செய்தேன். "அவர் மேல சத்தியமா, நான் சொல்றது தப்புன்னா என்னை இன்னும் ரெண்டு வருஷம் இங்கயே வெச்சிருங்க சார்!"

இன்றாக இருந்தால் போனை எடுத்துத் தட்டிப் பார்த்து முடித்திருப்போம். அன்றைக்குக் கேம்பல் பேயில் இணையம் என்பது ஒரு பக்கத்தைத் திறக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிட்டு வரும் சமாசாரம். நாங்கள் சாப்பிட்டுவிட்டே வந்திருந்தோம். அப்படியும் திறக்கவில்லை. சார் ஆபீஸ் போனை எடுத்துச் சென்னையில் இருந்த மனைவியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"நம்ம கல்யாணத்துல என்ன பாட்டும்மா போட்டாங்க?"

"இதுக்கா அந்தமான்லேர்ந்து கூப்பிடறீங்க? அந்த மழைப் பாட்டுதான். திருப்பித் திருப்பிப் போட்டு உங்கப்பா மைக் செட்காரனை அடிக்கப் போனாரே! ஏன், யாராவது இல்லேன்னு சொன்னாங்களா?"

"ஒருத்தர் சொல்றார்," என்று என்னைப் பார்த்தார் சார்.

நான் அசரவில்லை. ஒரு பெண்மணியின் ஞாபகத்துக்கு இன்னொரு பெண்மணியின் ஞாபகம்தான் பதில் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். நானும் ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, அவருக்கு உடம்பு முடியாம இருந்துச்சே, அது எந்த வருஷம்?"

"யாருக்குடா, உங்கப்பாவுக்கா?"

"இல்லம்மா, அவருக்கு!"

"ஐயோ, மறுபடியும் முடியலையா?" அம்மாவின் குரல் நடுங்கியது.

"நல்லாத்தான் இருக்கார். வருஷம் மட்டும் சொல்லும்மா. இங்க சார் கேக்கறார்."

"நீ எட்டாவதும் ஒம்பதாவதும் படிச்சப்போ. எனக்கு மறக்குமா? அந்த ரெண்டு வருஷந்தான கப்பல் ரிப்பேருக்குப் போயி, மாலே சரியா வராம, கடையில வெங்காயம்கூட இல்லாம கெடந்தோம்! எப்பவாச்சும் வர்ற கப்பல்லயும் அரிசி ஏத்தவே எடம் பத்தல, இதுல கேசட்டுக்கு எங்க போறதுன்னு உங்கப்பா தலையில கைய வெச்சு உக்காந்துட்டாரு. அந்தக் கஷ்டத்துலயும் நான் அவருக்காகத்தான்டா வேண்டிக்கிட்டேன். நீ பத்தாவது போன, கப்பலும் ஒழுங்கா வந்துச்சு, அவருக்கும் ஒடம்பு தேறிடுச்சு. முருகன் கைவிடல."

நான் பத்தாவதிலிருந்து கட்டி எழுப்பிய கோட்பாடு ஸ்பீக்கர் வழியாகவே இடிந்து விழுந்தது. அதை இடித்தது தெரியாமல் அம்மா, "சாப்பிட்டியாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா என்ன சொன்னாள் என்று புரியாமல், "க்யா போலி மா?" என்றார் மண்டல் தாதா. சார் தனக்குத் தெரிந்த ஹிந்தியில் விளக்கினார்.

"ஆத்மி பீமார் நஹி. ஜஹாஜ் பீமார்."

ஆள் நோயாளி இல்லை, கப்பல்தான் நோயாளி. மண்டல் தாதா நாற்காலியில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்காகக் காலையிலிருந்து பாடுபட்ட மனிதர், பாவம்.

"இப்ப என் கல்யாணத் தேதி சரியா இருக்கா முருகேசன்?"

"இருக்கு சார்."

"நான் பழிவாங்கறவன் இல்ல. ஆனா நீங்க சத்தியம் பண்ணியிருக்கீங்க. அதுவும் அவர் பேர்ல பண்ணியிருக்கீங்க. அத மதிக்கணும்." ஃபைலில் எழுதினார்: 'ஊழியர் தாமே விரும்பி மேலும் இரண்டு ஆண்டுகள் இங்கேயே தொடர்கிறார்.' கையெழுத்தும் போட்டார். அழகான கையெழுத்து.

தனம் போன் செய்தாள். "கையெழுத்துப் போட்டாரா?"

"போட்டார்," என்றேன். பொய் இல்லையே.

"எதுல?" என்றாள்.

அடுத்த கப்பலில் அவளே வந்துவிட்டாள், பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு, ஒரு டிரங்குப் பெட்டியோடும் பெரார்கஞ்ச் பாக்கு ஒரு மூட்டையோடும். ஜெட்டியில் என்னிடம் பேசிய முதல் வாக்கியம், "பெட்டிய எடுங்க". அதற்குப் பிறகு வாக்கியங்கள் குறைந்துகொண்டே போயின. விட்டுவிட்டு வந்தது அவளுக்குப் பிடித்த வேலை. பள்ளிக்கூடத்துக் குழந்தைகளையும் விட்டுவிட்டு வந்திருந்தாள். அந்த இரண்டு வருஷமும் அவள் என்னோடு முகம் கொடுத்துப் பேசியது ரொம்பக் குறைவு. சாயங்காலம் கடற்கரையில் நடப்போம், நான் முன்னால், அவள் பின்னால். எங்கள் மகள் நிலா அங்கேதான் பிறந்தாள். ஆக இரண்டு வருஷமும் பேச்சில்லாமலே போனது என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை.

ராகவன் சார் பழிவாங்குகிறவர் இல்லை என்பது நிஜம்தான். 'அந்த' இரண்டு வருஷத்துப் பாட்டு முழுவதையும் தேதிவாரியாக ஒரு பென் டிரைவில் போட்டு அனுப்பினார். கப்பலில். அது வந்து சேர்வதற்குள் நிலா தவழ ஆரம்பித்துவிட்டாள். சரியான வரிசையில் கேட்டபோதுதான் தெரிந்தது, மனிதர் அந்த இரண்டு வருஷமும் தூங்கவே இல்லை. சார் சொன்னதுதான் சரி, உச்சம் அதுதான். ரயில்வே கேட் படத்தையும் முதல்முறையாக முழுசாகப் பார்த்தேன். மரணத்தின் வாசல்வரை போன என் வயலின் வருகிற இடத்தில் கதாநாயகியின் ஆடு காணாமல் போயிருந்தது. அதுவும் அடுத்த காட்சியில் கிடைத்துவிடுகிறது.

அம்மா மட்டும் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. "அப்போ நான் எடுத்த பால்குடம்?" என்று கேட்டாள். கப்பலுக்கு என்று வைத்துக்கொள் அம்மா என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அதுக்கும் சரியாயிடுச்சுல்ல?" என்றாள்.

எங்கள் வீட்டில் இப்போது எந்தத் தேதியைச் சொன்னாலும் ஒரு கேள்வி வரும்: "நிஜ வருஷமா, கப்பல் வருஷமா?" நான் ஞாபகத்திலிருந்து எதைச் சொன்னாலும் கேட்பார்கள். மாமனார்கூடக் கேட்கிறார். நிலா தன் பிறந்த நாளுக்கே கேட்டிருக்கிறாள். தாமதமாக வருகிற எதற்கும் 'கப்பல்ல வருது' என்றுதான் பெயர். மின்வாரிய ஆள், பள்ளி வேன், என் சம்பளம், எல்லாவற்றுக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை நிலா போனில் யாரோடோ கத்திக்கொண்டிருந்தாள். அவளுக்கு வேறொரு இசையமைப்பாளர். அவருக்கு எது நல்ல காலம் என்று சண்டை. (ரத்தம் எங்கே போகும்?) போனை வைத்துவிட்டு, சூடு ஆறாமல் எங்களிடம் வந்தாள்.

"சரி, நீங்க சொல்லுங்க. உங்க ரெண்டு பேருக்கும் பெஸ்ட் பீரியட் எது?"

நான் பாம்பூஃப்ளாட் திரும்பி வந்த பிறகு, தனத்துக்கு மறுபடி வேலை கிடைத்த வருஷங்களைச் சொல்ல வாயெடுத்தேன். தனம் மீன் செதில் உரித்துக்கொண்டே, தலை நிமிராமல், "கேம்பல் பே," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் தேதி விஷயத்தில் என்னால் சும்மா இருக்க முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

"என்ன சொல்ற? அந்த ரெண்டு வருஷமும் நீ சந்தோஷமா இருந்த மாதிரியே தெரியலையே! எங்கூட முகம் கொடுத்துக்கூடப் பேசல!"

"ஆமா," என்றாள் தனம். "அது இப்பதான் வந்து எறங்குச்சு. கப்பல்ல."